‘ரெஃபர் பண்ணிட்டாங்க’ன்னா என்ன அர்த்தம்?

1/
நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு மணி நேரம் நின்னா அதிகமா காதுல விழுற இங்கிலீஷ் வினைச்சொல் எதுன்னு நினைக்கிறீங்க? அட்மிட், டிஸ்சார்ஜ் எல்லாம் அப்புறம். முதல் இடம் "ரெஃபர்"க்குத்தான்.
"திண்டிவனத்துல இருந்து விழுப்புரத்துக்கு ரெஃபர் பண்ணிட்டாங்க."
"ஜிப்மருக்கு ரெஃபர் பண்ணிட்டாங்களாம்."
இந்த ஒரு வார்த்தையைப் பத்தி ஒரு நீளமான த்ரெட். டீ போட்டுக்கிட்டு வாங்க.

2/
புதுசா வந்தவங்களுக்கு: நான் விழுப்புரம் மாவட்டத்துல அரசு மருத்துவர். படிப்பு எம்.பி.பி.எஸ். "வெறும் எம்.பி.பி.எஸ் தானா?"ன்னு கேக்குறவங்களுக்கு, ஆமாங்க, வெறும் எம்.பி.பி.எஸ் தான். அதனாலதான் இந்த வார்த்தையோட எனக்கு இவ்வளவு நெருக்கம். ஸ்பெஷலிஸ்ட் கிட்ட ரெஃபர் போய்ச் சேரும். என்னை மாதிரி ஆளுங்க கிட்ட இருந்துதான் அது கிளம்பும்.

3/
முதல்ல ஒரு சம்பவம். சில வருஷம் முன்னாடி நடந்தது. எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம், ஏன்னா தப்பு கட்டிடத்து மேல இல்ல, என் மேல.
ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும் அவருக்கு. கரும்பு வெட்டுற வேலை. இடது கால் சுண்டுவிரல் கருத்துப் போயிருந்தது. நாத்தம். காய்ச்சல். சுகர் பாத்தா 400க்கு மேல.
"வலிக்குதாப்பா?"ன்னு கேட்டேன். "வலியே இல்லம்மா, அதான் இத்தினி நாளு வரல"ன்னார்.

4/
சர்க்கரை நோய்ல கால் போறதுக்கு முக்கியமான காரணம் அந்த "வலியே இல்ல"தான். நரம்பு மரத்துப் போயிடும். முள் குத்தினாலும், செருப்பு கடிச்சாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைஞ்சிருக்கும். புண் ஆறாது, சீழ் ஏறும். விரல்ல ஆரம்பிச்சது பாதத்துக்கு வரும். அப்பவும் வலிக்காது.

5/
ஆன்டிபயாடிக் ஊசி போட்டேன். டிரிப்ஸ், இன்சுலின், கட்டு எல்லாம் ஆச்சு. ஆனா அந்த விரலை எடுக்கணும். காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்குன்னு பாக்கணும். அதுக்கு சர்ஜன் வேணும், மயக்க மருந்து டாக்டர் வேணும். அன்னிக்கு ராத்திரி அங்க ரெண்டு பேரும் இல்ல. நான் மட்டும்தான்.
அவர் மனைவி கிட்ட, "இங்க முடியாதும்மா, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்றேன்"னு சொன்னேன். சீட்டு எழுதினேன். 108க்குச் சொல்லச் சொன்னேன்.

6/
அதுக்குள்ள பூச்சி மருந்து குடிச்ச ஒரு பொண்ணைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. நான் அந்தப் பக்கம் போயிட்டேன். முக்கால் மணி நேரம் கழிச்சுத் திரும்பிப் பாத்தா கட்டில் காலி. ஆம்புலன்ஸ்ல ஏறிப் போயிருப்பாங்கன்னு நினைச்சேன். ரெஜிஸ்டர்ல "ரெஃபர்டு"ன்னு எழுதியிருந்தது. மனசுல அந்தக் கேஸை மூடிட்டேன்.

7/
ஒரு ரெண்டு வாரம் இருக்கும். அந்த அம்மா தன்னோட பிரஷர் மாத்திரை வாங்க ஓ.பி.க்கு வந்தாங்க. "வீட்டுக்காரர் எப்படிம்மா இருக்கார்?"னு கேட்டேன்.
"முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்கம்மா."
"அன்னிக்கே போனீங்களா?"
"எங்கம்மா போனோம். நீங்கதான ரெஃபர் பண்ணிட்டேன்னு சொல்லிட்டீங்க."

8/
எனக்குப் புரியல. அவங்களே சொன்னாங்க:
"எங்க மாமனாரையும் இப்பிடித்தான் ரெஃபர் பண்ணாங்க. போற வழியிலயே போய்ட்டாரு. ரெஃபர் பண்ணிட்டா அவ்ளோதானம்மா. சாவறதா இருந்தா வூட்லயே சாவட்டும்னு இட்டுக்கினு போய்ட்டோம்."
அஞ்சாவது நாள் அவர் நினைவில்லாம பினாத்த ஆரம்பிச்சப்புறம், சென்னையில வேலை பாக்குற மகன் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கான். உசுரு பொழைச்சுது. கால் போச்சு.

9/
ராத்திரி தூக்கம் வரல. அந்த அம்மாவுக்குப் புரியலன்னு முதல்ல நினைச்சேன். யோசிக்க யோசிக்க, அவங்க ரொம்ப சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்காங்கன்னு பட்டது. ஒரு வார்த்தைக்கு அர்த்தத்தை ஜனங்க அகராதியில தேடுறதில்ல. அது எங்கெல்லாம் சொல்லப்படுது, சொன்னப்புறம் என்ன நடக்குதுன்னு பாத்துத்தான் கத்துக்கறாங்க. அவங்க பாத்தவரைக்கும் "ரெஃபர்"னா கைவிரிச்சுட்டாங்கன்னு அர்த்தம்.

10/
வார்த்தைங்க இப்படி மாறுறது புதுசு இல்ல. திண்டிவனத்தையே எடுத்துக்கங்க. திந்திரிணின்னா புளி. திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, அதுதான் திண்டிவனம் ஆச்சுன்னு சொல்லுவாங்க. இன்னிக்கு அந்த பஸ் ஸ்டாண்டுல நிக்கிற யாருக்குப் புளி ஞாபகம் வருது? சென்னை, விழுப்புரம், பாண்டிச்சேரி, திருவண்ணாமலைன்னு ரோடு பிரியிற இடம்னுதான் ஞாபகம் வரும்.
அதே மாதிரி "ரெஃபர்"க்கும் நாம மறந்துபோன ஒரு பழைய அர்த்தம் இருக்கான்னு தேடினேன். இருக்கு.

11/
ரெஃபர் லத்தீன்ல இருந்து வந்த சொல். மூலம் "ரெஃபெர்ரெ". "ரெ"ன்னா திரும்ப. "ஃபெர்ரெ"ன்னா சுமக்கறது, தூக்கிட்டுப் போறது. ரெண்டும் சேந்தா "திரும்பச் சுமந்து வருதல்", "கொண்டுவந்து சேர்த்தல்". பிரெஞ்சு வழியா 14ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு.
நல்லா கவனிங்க. அந்தச் சொல்லுக்குள்ள "அனுப்பி விடு" கிடையாது. சுமக்கறது இருக்கு, திரும்பறது இருக்கு.

12/
அந்த "ஃபெர்ரெ" குடும்பம் ரொம்பப் பெருசு. டிரான்ஸ்ஃபர்னா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்குச் சுமக்கறது. கான்ஃபரன்ஸ்னா எல்லாரும் கொண்டுவந்து ஒரே இடத்துல வெக்கிறது. ப்ரிஃபர்னா முன்னால கொண்டு வெக்கிறது. சஃபர்னா அடியில நின்னு சுமக்கறது. ஆமா, துன்பப்படறதுக்கான இங்கிலீஷ் சொல்லும் இதே வேர்தான்.

13/
மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸுக்கு: அஃபெரன்ட் நரம்பு சேதியை மூளைப் பக்கம் சுமந்து வரும், எஃபெரன்ட் வெளிய சுமந்து போகும். டிஃபரென்ஷியல் டயக்னோசிஸ்ல வர்ற டிஃபர், தனித்தனியாக் கொண்டு போறது. எல்லாம் ஒரே வேர். ஆனா டிரான்ஸ்ஃபெரின் இதுல சேராது, அது "ஃபெர்ரம்", அதாவது இரும்பு. வைவாவுல யாராவது கேட்டா மாட்டிக்காதீங்க.

14/
எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. "ரெஃபெர்ரெ"ங்கற லத்தீன் வினைக்கு இறந்தகால வடிவம் "ரெலாட்டும்". அதுல இருந்துதான் ரிலேட், ரிலேஷன், ரிலேட்டிவ் எல்லாம் வந்தது. அதாவது ரெஃபரும் ரிலேட்டிவும் ஒரே வினையோட ரெண்டு வடிவம்.
பேஷண்ட் கட்டில் ஓரம் பையைக் கட்டிக்கிட்டு நிக்கிற சொந்தக்காரரும், நான் எழுதுற சீட்டும் ஒரே சொல்லுல இருந்து வந்தவங்க. நாங்கதான் அவங்களை ரெண்டு நிமிஷம் நிக்க வெச்சுப் பேசறதில்ல.

15/
இன்னும் பின்னால போனா, லத்தீன் "ஃபெர்ரெ", இங்கிலீஷ் "பேர்", சம்ஸ்கிருதத்துல சுமத்தலைக் குறிக்கிற "ப்ரு"ன்னு ஒரு வேர், மூணும் ஒரே பழைய மூலத்துல இருந்து வந்ததுன்னு மொழியியல் சொல்லுது. அந்த சம்ஸ்கிருத வேர்ல இருந்து வந்த ஒரு சொல்லை நாம தினமும் தமிழ்ல சொல்றோம். பாரம்.
"நெஞ்சு பாரமா இருக்கு டாக்டர்"னு ஒருத்தர் வர்றார். "ரெஃபர் பண்றேன்"னு நான் சொல்றேன். ரெண்டு பேரும் ஒரே வேரைத்தான் பேசறோம். அவர் சுமையைச் சொல்றார், நான் அதைக் கைமாத்தி விடறதைச் சொல்றேன்.

16/
சரி, தமிழ்ல இது எப்படி உள்ள வந்துச்சு? முன்னாடி எல்லாம் வெளிச்சொல் வந்தா அதுக்கு நம்ம வினை வடிவத்தையே குடுத்துடுவோம். சேவி, பூஜி, தியானி மாதிரி. இங்கிலீஷ் வினையை அப்படி நாம சேத்துக்கல. "ரெஃபரினார்"னு யாரும் சொல்றதில்ல. பக்கத்துல ஒரு "பண்ணு" போட்டுட்டு விட்டுடறோம். ரெஃபர் பண்ணு, அட்மிட் பண்ணு, டிஸ்சார்ஜ் பண்ணு.
இதுல ஒரு சிக்கல். தமிழ்ல வேலை செய்றது "பண்ணு"தான். முன்னால நிக்கிற சொல்லு வெறும் லேபிள். அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் திறந்து பாக்கறதில்ல.

17/
அதனால அந்த லேபிள் போற இடமெல்லாம் வேற வேற அர்த்தம். காலேஜ்ல "இந்த புக்கை ரெஃபர் பண்ணு"ன்னா தேடிப் படி. வேலைக்கு "யாராவது ரெஃபர் பண்ணுவாங்களா?"ன்னா சிபாரிசு. கிரிக்கெட்ல "தேர்டு அம்பயருக்கு ரெஃபர் பண்ணிட்டாங்க"ன்னா முடிவு இன்னும் வரல, கொஞ்சம் பொறு. போன்ல "நண்பரை ரெஃபர் பண்ணுங்க, கேஷ்பேக் பெறுங்க"ன்னா வியாபாரம்.
எங்கயுமே கெட்ட செய்தி இல்ல. ஆஸ்பத்திரியில மட்டும் அது சாவு மணி மாதிரி கேக்குது.

18/
கேஷ்பேக்னு சொன்னதும் சிலர் சிரிப்பீங்க, தெரியும். ஸ்கேனுக்கோ ஆபரேஷனுக்கோ அனுப்பி விட்டதுக்காக டாக்டர் கமிஷன் வாங்கறதை மருத்துவ கவுன்சிலோட 2002 நெறிமுறை விதிகள் தெளிவாத் தடை பண்ணியிருக்கு. இருந்தும் மக்களுக்கு அந்தச் சந்தேகம் இருக்கு. பல இடத்துல நியாயமான சந்தேகம்தான். "ரெஃபர்"னு சொன்னா சிலருக்கு சாவு ஞாபகம் வருது, சிலருக்குக் கமிஷன் ஞாபகம் வருது. "எனக்காகத்தான் அனுப்பறாங்க"ன்னு நினைக்கிறவங்க குறைவு.

19/
நம்ம பேப்பரும் இதுக்கு உதவி பண்ணியிருக்கு. விபத்துச் செய்தியில ஒரு வாக்கியம் அச்சு மாறாம வரும்: முதலுதவி அளிக்கப்பட்டு மேல்சிகிச்சைக்காக அனுப்பி வைக்கப்பட்டார். அதுக்கு அடுத்த வாக்கியம் என்னன்னு உங்களுக்கே தெரியும், "வழியிலேயே..."
மேல்சிகிச்சைக்குப் போய்ப் பொழைச்சு வந்து மறுபடி கரும்பு வெட்டப் போறவர் செய்தி ஆகறதில்ல. அதனால ஊருக்கு முதல் கதை மட்டும்தான் தெரியும்.

20/
இப்ப எங்க தரப்பு. ரெஃபர் பண்றதே தப்புன்னு நான் சொல்ல வரல. 1946ல வந்த போர் கமிட்டி அறிக்கையில இருந்தே நம்ம நாட்டு மருத்துவ அமைப்பு படிக்கட்டு மாதிரிதான் யோசிக்கப்பட்டிருக்கு. கீழ சின்ன மையம், நடுவுல ஒன்னு, மேல பெருசு. ஒவ்வொரு ஊர்லயும் நியூரோ சர்ஜன் இருக்க முடியாது, இருக்கவும் தேவையில்ல. படி ஏத்தி விடறது எங்க வேலையில ஒரு பாகம்.

21/
விழுப்புரம் மாவட்டத்துல அந்தப் படிக்கட்டு எப்படி இருக்குன்னு பாருங்க. முண்டியம்பாக்கத்துல அரசு மருத்துவக் கல்லூரி 2010லதான் வந்துச்சு. திண்டிவனத்துல இருந்து சுமார் 30 கிலோமீட்டர், ஹைவே மேலயே. அதுக்கு முன்னாடி பெரிய வைத்தியம்னா பாதிப் பேருக்கு பாண்டிச்சேரி ஜிப்மர், மீதிப் பேருக்கு சென்னை. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுல ஓட ஆரம்பிச்சது 2008ல. அந்த மாமனாரை ரெஃபர் பண்ணின காலத்துல இதெல்லாம் இருந்துச்சோ என்னவோ. ரோடு மாறிடுச்சு, வண்டி மாறிடுச்சு, ஆஸ்பத்திரி வந்துடுச்சு. அந்த வீட்டுல அந்த வார்த்தையோட அர்த்தம் மட்டும் மாறாம நிக்குது.

22/
உண்மையையும் ஒத்துக்கணும். நாங்க பண்ற எல்லா ரெஃபரும் பேஷண்டுக்காக இல்ல. சிலது பயத்துல. ராத்திரி ஒத்தை ஆளா டூட்டியில இருக்கறப்ப, வாசல்ல இருபது பேர் கத்திக்கிட்டு நிக்கறப்ப, "இங்க வெச்சு ஏதாவது ஆயிட்டா?"ன்னு கை தானா சீட்டை எடுக்கும். நானும் எழுதியிருக்கேன். பாத்துக்கக்கூடிய கேஸைக்கூட அனுப்பியிருக்கேன். இதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

23/
மெடிசின்ல "ரெஃபர்டு பெயின்"னு ஒன்னு உண்டு. பிரச்சனை இதயத்துல இருக்கும், வலி இடது கையில, தாடையில தெரியும். பித்தப்பையில பிரச்சனை, வலது தோள்பட்டை வலிக்கும். காரணம், ரெண்டு இடத்து நரம்பும் தண்டுவடத்துல ஒரே மட்டத்துல போய்ச் சேருது. மூளைக்கு எது எங்க இருந்து வந்துச்சுன்னு குழம்பிடும்.
பெரிய ஆஸ்பத்திரி வராண்டாவுல பாய் விரிச்சுப் படுத்திருக்கற கூட்டம் எனக்கு அப்படித்தான் தெரியுது. வலி அங்க தெரியுது. கோளாறு எங்கயோ கீழ, ஒத்தை டாக்டர் இருக்கற ஒரு ராத்திரியில இருக்கு.

24/
இது எங்க போய் முடியும்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு வழக்கு காட்டுச்சு. 1992 ஜூலை. மேற்கு வங்கத்துல ஹக்கீம் ஷேக்னு ஒரு விவசாயத் தொழிலாளி ரயில்ல இருந்து விழுந்துட்டார். தலையில பலத்த காயம். ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து ரெஃபர். கல்கத்தாவுல ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனா பெட் இல்ல. அங்கிருந்து இன்னொன்னு. அங்கிருந்து இன்னொன்னு. கடைசியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில காசு கட்டித்தான் சேர முடிஞ்சுது.

25/
அவரும் அவர் சங்கமும் வழக்குப் போட்டாங்க. 1996 மே மாசம் தீர்ப்பு வந்துச்சு. அவசர சிகிச்சையை உரிய நேரத்துல குடுக்காதது, அரசியல் சட்டத்தோட 21ஆவது பிரிவு குடுக்கற உயிர் வாழும் உரிமையை மீறுறதுன்னு கோர்ட் சொல்லுச்சு. 25,000 ரூபாய் இழப்பீடு. கூடவே, எந்த ஆஸ்பத்திரியில பெட் காலியா இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு மைய ஏற்பாடு வேணும்னும் சொல்லுச்சு.
அந்தக் கடைசி வரியைக் கவனிங்க. அனுப்பறதுக்கு முன்னாடி அங்க இடம் இருக்கான்னு கேளு. எவ்வளவு சின்ன விஷயம். இதைச் சொல்ல உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்துச்சு.

26/
இதுக்கு நேர் எதிரா எனக்கு நடந்த ஒன்னையும் சொல்லியாகணும். கட்டுவிரியன் கடிச்ச ஒரு பையன், விடிகாலை. கண் இமை தொங்க ஆரம்பிச்சிருந்தது, பேச்சு குழறுது. விஷமுறிவு ஊசி ஏத்தினோம். ஆனா மூச்சுத் தசை எந்த நேரமும் நிக்கலாம், வென்டிலேட்டர் வேணும். இந்தத் தடவை நான் போன் எடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரி டூட்டி டாக்டர் கிட்ட நேரா பேசினேன். "அனுப்புங்க, ரெடியா இருக்கோம்"னார்.

27/
வழி பூரா ஆம்புலன்ஸ்ல ஒருத்தர் ஆம்பு பேகை அமுக்கிக்கிட்டே போனார். அங்க போனதும் நேரா ஐ.சி.யு. மூணாவது நாள் என் போன் அடிச்சுது. "மேடம், உங்க பையனுக்கு டியூப் எடுத்தாச்சு. இட்லி கேக்கறான்."
"உங்க பையன்"னு சொன்னார் பாருங்க. அன்னிக்குத்தான் எனக்கு லத்தீன் புரிஞ்சுது. சுமந்து போனாங்க, சேதியைத் திருப்பிக் கொண்டுவந்து குடுத்தாங்க. முழு ரெஃபர் அது.

28/
மீதி நேரம் நாம பண்றது பாதி வார்த்தை. "ஃபர்" இருக்கு, "ரெ" இல்ல. தூக்கி அனுப்பறதோட சரி, எதுவும் திரும்பி வராது. நான் இதுவரைக்கும் ரெஃபர் பண்ணினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் நினைச்ச நோய் சரியா? குடுத்த மருந்து உதவிச்சா, கெடுத்துச்சா? தெரியாது. பதில் வராத டாக்டர் பத்து வருஷம் வேலை பாத்தாலும் முதல் வருஷத்துல தெரிஞ்சதோடதான் நிப்பா.

29/
பேஷண்டுக்கும் அதே கதி. பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பிரமாதமா நடக்கும். டிஸ்சார்ஜ் ஷீட் பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா வீட்டுல தொங்கும். ஆனா கட்டு மாத்த, சுகர் பாக்க, மாத்திரை வாங்க பக்கத்துல இருக்கற எங்க கிட்ட வரணும்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நாங்களும் கேட்டிருக்க மாட்டோம். மறுபடி புண்ணு வெச்சுத்தான் பாப்போம்.
1978ல அல்மா ஆட்டாவுல உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரத்தைப் பத்தி ஒரு பிரகடனம் போட்டாங்க. அதுலயும் ரெஃபரல் அமைப்பு ஒன்னுக்கொன்னு தாங்கிக்கற மாதிரி இருக்கணும்னுதான் இருக்கு. மேல அனுப்பறது மட்டும் போதாதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு.

30/
அந்த அம்மா வந்துட்டுப் போன நாள்ல இருந்து நான் பேஷண்ட் கிட்ட "ரெஃபர் பண்றேன்"னு மொட்டையாச் சொல்றதை நிறுத்திட்டேன். அதுக்குப் பதிலா நாலு விஷயம். இப்ப அதே காலோட ஒருத்தர் வந்தா இப்படிச் சொல்றேன்:
"விரல்ல சீழ் புடிச்சிருக்கும்மா. இன்னிக்கே எடுத்தா விரலோட போயிடும், விட்டா காலுக்கு ஏறும். எடுக்கற டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில இருக்காங்க, போன்ல பேசிட்டேன். ஊசி போட்டாச்சு, போய்ச் சேர்ற வரைக்கும் அது வேலை செய்யும். ஆபரேஷன் முடிஞ்சதும் கட்டு மாத்த என்கிட்டதான் வரணும்."

31/
சொல்லிப் பாத்தேன், அரை நிமிஷம்தான் ஆகுது. என்ன பிரச்சனை, ஏன் அங்க, இங்க என்ன பண்ணியிருக்கு, எப்ப என்கிட்ட திரும்பி வரணும். அவ்வளவுதான்.
அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். "என்கிட்ட திரும்பி வாங்க"ன்னு ஒரு டாக்டர் சொன்னா, "நீங்க பொழைப்பீங்க"ன்னு அதுக்குள்ள இருக்கு. ஜனங்களுக்கு அது உடனே கேக்குது. முகத்துல தெரியும்.

32/
டாக்டர் நண்பர்களே, "இருநூறு ஓ.பி. பாக்கறோம், எங்க நேரம்?"னு நீங்க கேப்பீங்க. நியாயம். எல்லா ஓ.பி.க்கும் நான் கேக்கல. வண்டியில ஏத்தி அனுப்பற ஆளுக்கு மட்டும் அரை நிமிஷம், அங்க ஒரு போன்.
பெரிய ஆஸ்பத்திரியில இருக்கற பி.ஜி.க்களே, உங்களுக்கும் ஒன்னு. "எந்த மடையன் இப்படி அனுப்பினான்"னு வார்டுல சொல்றதுக்கு ஆகற நேரத்துல, அந்த மடையனுக்கு ஒரு மெசேஜ் போடலாம். அடுத்த தடவை அவன் சரியா அனுப்புவான். அரசுக்கு என் கோரிக்கை: டிஸ்சார்ஜ் ஷீட்டோட ஒரு நகல், அனுப்பின டாக்டருக்குத் தானா போற மாதிரி ஒரு ஏற்பாடு. போன்ல கரண்டு பில் வர்ற காலத்துல இது முடியாத காரியம் இல்ல.

33/
இனி உங்களுக்கு, இதைப் படிக்கிற வீட்டு ஆளுங்களுக்கு. யாராவது "ரெஃபர் பண்றோம்"னு சொன்னா பதறாதீங்க. இதைக் கேளுங்க:
ஒன்னு, என்ன நோய்னு சந்தேகப்படறீங்க?
ரெண்டு, அங்க இருக்கற எந்த வசதி இங்க இல்ல?
மூணு, உடனே போகணுமா, நாளைக்குப் போகலாமா?
நாலு, இங்க என்ன ஊசி, மருந்து குடுத்தீங்க, சீட்டுல எழுதியிருக்கா?
அஞ்சு, அங்க சொல்லியாச்சா?
ஆறு, முடிஞ்சதும் யார்கிட்ட திரும்பி வரணும்?
கேக்கறது உங்க உரிமை. கோவிச்சுக்கிற டாக்டர் இருந்தா, என் பேர்ல திட்டிக்கட்டும்.

34/
இன்னும் ரெண்டு. 108ன்னு சொன்னா 108ல போங்க. ஷேர் ஆட்டோ, பைக், "வீட்டுக்குப் போய் துணி எடுத்துட்டு வந்துடறோம்" வேணாம். துணியை இன்னொருத்தர் கொண்டுவரட்டும்.
சீட்டைத் தொலைக்காதீங்க, போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. திரும்பி வந்ததும் டிஸ்சார்ஜ் ஷீட்டோட முதல்ல அனுப்பின டாக்டரைப் பாருங்க. அவருக்கும் அது வேணும். நிஜமாவே வேணும்.

35/
தமிழ்ல ரெஃபர்க்கு நாம எழுதற சொல் "பரிந்துரை". ஃபார்ம்ல, ஜி.ஓ.வுல எல்லாம் பாத்திருப்பீங்க. வெறும் ஆபீஸ் வார்த்தையாத்தான் அதையும் வெச்சிருக்கோம். பிரிச்சுப் பாருங்க. பரிந்து, உரை. பரிவோட பேசு.
லத்தீன் வார்த்தை சுமந்துபோய்த் திரும்பக் கொண்டுவரச் சொல்லுது. நம்ம வார்த்தை, அதை வாயைத் திறந்து, மனசோட சொல்லச் சொல்லுது. ரெண்டையும் சேத்துச் செஞ்சா போதும். நான் அன்னிக்கு ராத்திரி ரெண்டையும் செய்யல.

36/
அந்த அம்மா இன்னும் மாசா மாசம் மாத்திரைக்கு வர்றாங்க. சில மாசம் அவரும் கூட வருவார், ஊன்றுகோல் வெச்சுக்கிட்டு. மத்தக் காலை நானே குனிஞ்சு, விரல் விரலாப் பாக்கறேன். போன தடவை குதிகால்ல சின்னதா ஒரு வெடிப்பு. சர்ஜனைப் பாத்துட்டு வரச் சொன்னேன், ஏன்னும் சொன்னேன். அந்த அம்மா சீட்டை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, "எப்பம்மா திரும்பி வரணும்?"னு கேட்டாங்க.
வியாழக்கிழமைன்னு சொன்னேன். வியாழக்கிழமை ரெண்டு பேரும் வந்தாங்க.

வீட்டுல சுகர் இருக்கறவங்க யாராவது இருந்தா, இன்னிக்கு ராத்திரி அவங்க பாதத்தைத் திருப்பிப் பாருங்க.